உன் பெயரை நீக்கிவிட்டேன்

பிரபு,

சரண்யா போனில் கேட்டதைச் செய்து முடித்துவிட்டேன். அவள் அழைத்தபோது நான் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். "மாமா, நாங்க சிதம்பரத்துல வாரிய வூட்டுக்கு எழுதிப் போடலாம்னு இருக்கோம். அதுக்கு எங்களுக்குத் தனியா ரேஷன் கார்டு வேணுமாம். அவரு பேரு இன்னும் உங்க கார்டுலயே இருக்குது. அத எடுத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றாள். பின்னால் உன் குரல் கேட்டது. "எடுத்துட்டு சான்று வாங்கி அனுப்பச் சொல்லு" என்று அவளிடம் சொன்னாய். உன் கல்யாணத்தன்று மண்டப வாசலில் "வாங்க" என்று சொன்னாயே, அதற்குப் பிறகு நான் உன் குரலைக் கேட்டது அன்றுதான். டீயை வாங்கி வைத்தவன் குடிக்க மறந்துவிட்டேன். கடைக்காரர் வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

பெயர் நீக்கிய சான்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தால் உன் வேலை முடிந்திருக்கும். ஆனால் நீ விண்ணப்பம் போட்ட பிறகு ஒரு நாள் உன்னை மேஜைக்கு எதிரே உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வியை உன் அம்மாவிடம் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன், நீ இல்லை. அன்று என்ன நடந்தது என்று நான் உன்னிடம் சொன்னது உண்மை இல்லை. இப்போது சொல்லாவிட்டால் நீ அந்த மேஜைக்கு முன்னால் தவறான பதிலோடு போய் உட்காருவாய். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளிதழுக்குக் கடலூர்ச் செய்தி அனுப்பியே காலம் தள்ளியவன் நான். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வீடு கேட்டு மனுவோடு நின்றவர்களைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவர்களில் பலர் தகுதி இல்லாததால் வீட்டை இழக்கவில்லை. அவசரத்தால் இழந்தார்கள். வருமானச் சான்றைப் புதிதாக வாங்கு, பழையதைக் கொடுக்காதே. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும்போது சம்பளத்தைக் குறைத்துச் சொல்லச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதே. ஸ்கேன் சென்டரில் உனக்கு வரும் சம்பளம் வரம்புக்குள்தான் இருக்கிறது. விண்ணப்பத்தைச் சரண்யா பெயரில் போடு, பெண் பெயருக்குத்தான் முதலில் ஒதுக்குகிறார்கள். இ-சேவை மையத்தில் ரசீது வாங்காமல் எழுந்து வராதே. குலுக்கலில் பெயர் வர வைக்கிறேன் என்று ஒருவன் வருவான். கட்சிக்காரன் மாதிரியும் இருப்பான், ஆபீஸ் ஆள் மாதிரியும் இருப்பான். அவனை உட்காரக்கூடச் சொல்லாதே. வீட்டைப் போய்ப் பார்க்கும்போது மழைக்காலத்தில் போய்ப் பார். வெள்ளாற்றில் தண்ணீர் வரும் நாட்களில் அந்தக் குடியிருப்புக்குப் போகிற சாலை எப்படி இருக்கிறது என்று அங்கே கடை வைத்திருப்பவரைக் கேள். கட்டடத்தைப் பற்றி அதிகாரி சொல்வதைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். முன்பு அம்மா பெயரில் விண்ணப்பம் போட்டபோது அலைந்தவன் நீ. முதுநகரில் ஜங்ஷன் பக்கத்துச் சந்தில் நாம் இருந்த சிமெண்ட் ஷீட் வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டப் போவதாகச் சொன்ன சமயம் அது. நீ அப்போதுதான் சிதம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். அங்கே வாரியம் கட்டிய வீடுகளுக்கு விண்ணப்பம் கேட்கிறார்கள் என்ற செய்தியை நீதான் கொண்டுவந்தாய். அப்பா ஊருக்கெல்லாம் செய்தி எழுதுகிறார், வீட்டுக்கு வேண்டிய செய்தியை நான் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று கேலி செய்தாய். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த குழம்பு வற்றிப் போனது.

குலுக்கல் நடந்த கல்யாண மண்டபத்துக்கு அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பெயரை வாசித்தபோது அவளுக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த பெண்தான் தட்டிச் சொன்னாள். இரண்டாம் மாடி. அன்றே வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். நீ வேலைக்குத் திரும்பிவிட்டாய், நான்தான் அழைத்துப் போனேன். காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போனோம். படுக்கை அறையை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சமையலறையில் நின்று மேடையை முந்தானையால் துடைத்தாள். கிரைண்டரை எங்கே வைப்பது, அரிசிப் பானை எங்கே, கருவாட்டை எந்தப் பக்கம் காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றாள். "எம் பேருல ஒரு வூடு" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். காவலாளி சாவிக் கொத்தை ஆட்டி, "கெளம்பும்மா, இன்னும் பால் காய்ச்சலியே" என்றார். "காய்ச்சறப்ப ஒனக்குத்தான் மொத டம்ளரு" என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அதன் பிறகுதான் சரிபார்ப்புக்கு வரச் சொன்னார்கள். உனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் போனோம். மேஜையில் இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். கணினித் திரையைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"அம்மா, உங்க ரெண்டு பேரு பேருலயும் ஏற்கனவே ஒரு வீடு இருக்குதே. சுனாமி குடியிருப்புல."

"அது எங்க வூடு இல்லம்மா" என்றாள் உன் அம்மா. "எங்க நாத்தனா வூடு."

"பட்டா உங்க பேருல இருக்குதும்மா."

"பேரு எங்களுது. வூடு அவளுது."

அவள் அந்த அதிகாரியை ஏமாற்றவில்லை. விண்ணப்பத்தில் சொந்த வீடு இல்லை என்று நீ எழுதினாய், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். மூன்று பேரில் ஒருவருக்கும் அது பொய் என்று தோன்றவில்லை. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அஞ்சலை அத்தை வீடு. எங்களுக்கும் அப்படித்தான்.

அது எப்படி அத்தை வீடானது என்பதை நீ ஒரு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறாய். நான் கூட்டத்தில் எழுந்து நின்று தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன், அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று. நடந்தது வேறு. அலை வருவதற்கு முன்பே அத்தையின் புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டார். அவள் மகன் குமாருக்கு அப்போது நடக்கக்கூட வராது. அத்தை தன் மச்சாண்டார் வீட்டுத் தோட்டத்தில் கீற்றுச் சாய்ப்பு போட்டுக் குடியிருந்தாள். நம் ஊரில் வரி கட்டுகிற ஆணை வைத்துத்தான் குடும்பத்தை எண்ணுவார்கள் என்பது உனக்குத் தெரியும். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் வரி கட்டுகிறவனுக்கு ஊரில் வரும் எதிலும் ஒரு பங்கு உண்டு. அத்தை வீட்டில் வரி கட்ட ஆண் இல்லை, அதனால் அவள் கணக்கில் இல்லை. நான் முதுநகரில் வாடகைக்கு இருந்தாலும் ஊரில் பெயர் போய்விடக் கூடாது என்று வரியை விடாமல் கட்டிவந்தேன். அலை எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு, புது வீட்டுக்கு ஊர் கொடுத்த பெயர்களில் என் பெயர் இருந்தது. சாய்ப்போடு சட்டிப் பானையும் இழந்தவளின் பெயர் இல்லை.

வீட்டுச் சாவி கொடுத்த அன்று உன் அம்மா புது வீட்டைச் சுற்றிவந்தாள். பிறகு வாசலில் உட்கார்ந்து, "இத அஞ்சலைக்குக் குடுத்துடுங்க" என்றாள். நான்தான் யோசித்தேன். வாடகை மிச்சமாகும், ஊருக்கே வந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நாம வாடகை குடுத்தாவது இருப்போம். அவளுக்கு யாரு வாடகைக்கு வூடு வுடுவா? புருஷன் இல்லாதவளுக்கு அட்வான்ஸு கேக்க மாட்டானுங்க, வேற என்னென்னமோ கேப்பானுங்க" என்றாள். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. அதனால் நான் எழுந்து சொன்னேன். தலைவர், "பொண்டாட்டிய கேட்டியாடா?" என்றார். "அவ சொல்லித்தான் வந்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று ஒரு மச்சான் கை தட்டினான். நான் சொன்னதை வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். வெற்றிலை பாக்குத் தட்டை அஞ்சலையின் மச்சாண்டார் கையில் கொடுத்தார்கள். முடிந்தது. ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதித் தா என்று அவள் கேட்டிருந்தால் என்னை நம்பவில்லையா என்று நான் கோபப்பட்டிருப்பேன். எழுதித் தருகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் எங்கள் வார்த்தைக்கு மேல் என்ன பத்திரம் என்று ஊர் கோபப்பட்டிருக்கும். தினமும் எழுதிப் பிழைக்கிற எனக்கே அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

கொடுத்தவள் சாது என்று நினைத்துவிடாதே. அவள் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கொடுத்ததும் அவள்தான், அதற்காக வருஷம் முழுக்க என்னைத் திட்டியதும் அவள்தான். வாடகை ஏறும்போதெல்லாம், ஷீட்டில் ஒழுகும்போதெல்லாம், "தங்கச்சி மாடி கட்டாத கொறதான், நாம இங்க பக்கெட்டு வெச்சிப் புடிக்கிறோம்" என்பாள். நீ அதைக் கேட்டு வளர்ந்தாய். அப்பா கொடுத்துவிட்டார் என்று நீ நினைத்ததில் உன் தவறு எதுவும் இல்லை.

அந்த மேஜைக்குத் திரும்பி வருகிறேன். அதிகாரி பொறுமையானவர். "நீங்க ஏமாத்தறீங்கன்னு நான் சொல்லலம்மா. ஆனா இங்க இது நிக்காது. அந்த வீட்ட இப்ப வேற பேருக்கு மாத்தவும் முடியாது, பட்டாவுல தடை இருக்குது. ஒண்ணு பண்ணலாம். அந்த வீட்ட அரசாங்கத்துக்கிட்டயே ஒப்படைச்சிடுங்க. உங்க பேரு கிளியர் ஆயிடும், இந்த வீடு உங்களுக்கு நின்னுடும்" என்றார்.

"ஒப்படைக்கிறதுன்னா?"

"சாவியக் குடுக்கணும். உள்ள ஆளு இருக்கக் கூடாது."

நான், "வூட்டுக்குப் போயி யோசிப்போம். பையன ஒரு வார்த்த கேப்போம்" என்றேன். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. "அவன கேட்டா வேணும்னுதான் சொல்லுவான். எனக்கும் வேணும்தான். அதனாலதான் இப்பவே எழுதிக் குடுத்துடறேன். ஒரு பேப்பர் குடும்மா" என்றாள். ஒதுக்கீடு வேண்டாம் என்று அந்தப் பெண்ணே எழுதினார். கீழே அம்மா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். "நல்லா யோசிங்கம்மா, வேற ஒருத்தருக்குப் போயிடும்" என்று அதிகாரி இன்னொரு முறை சொன்னார். "போவட்டும். அந்த மேடைல கிரைண்டர வெச்சா ஆடும்போலத்தான் இருந்துச்சி" என்றாள்.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் புதுச்சத்திரம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அவன்கிட்ட நீங்க வேணாம்னு சொன்னதாவே இருக்கட்டும்" என்றாள். ஏன் என்றேன். "எம்மேல கோவம்னா என் கையால சாப்புட மாட்டான். உங்க மேல கோவம்னா பேசாம இருப்பான், அவ்ளோதான." அவள் சொன்னபடியே நீ நடந்துகொண்டாய். அம்மா கையால் கடைசிவரை சாப்பிட்டாய். என்னிடம் பேசாமல் இருந்தாய்.

நீ அந்த வாரமே ஊருக்குப் போய் அத்தையிடம், "இது யாரு வூடு, சொல்லு" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அத்தை சட்டிப் பானைகளையும் பாயையும் எடுத்துத் தெருவில் வைக்க ஆரம்பித்திருக்கிறாள். குமார் மங்களூர்ப் பக்கம் படகுக்குப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு அழுதுகொண்டே எங்களுக்குப் போன் செய்தாள். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். உன் அம்மா இறங்கியதும் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தூக்கிவைத்தாள். "அண்ணி, தம்பி கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல. நீங்க வந்து இருங்க. நான் சாய்ப்புல பொறந்தவதான" என்றாள் அத்தை. "வாய மூடு. அவன் சின்னப் பையன், ஏதோ கேட்டான். ஒனக்கு எங்க போச்சி அறிவு? ஈயப் பாத்திரத்த யாராவது வெய்யில்ல போடுவாளா?" என்று அம்மா கத்தினாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டேதான் பாத்திரங்களை அடுக்கினார்கள். திரும்பும்போது அத்தை கொடுத்த நெத்திலியை அம்மா வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி நீ ருசித்துச் சாப்பிட்டது அந்த நெத்திலிதான்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும், அதனால் சுருக்கிச் சொல்கிறேன். உரிமையாளர் இடிப்பதைத் தள்ளிப்போட்டார், நாம் அங்கேயே இருந்தோம். அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே படுத்திருந்த நாட்களில் அவள் நோயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "என்னைய எங்க கொண்டு போயி வெப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். உரிமையாளர் வீட்டில் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டிருந்தார்கள். அம்மா போன அன்று அவர் ஆஸ்பத்திரிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தப்பா எடுத்துக்காதீங்க, இப்ப மட்டும் காம்பவுண்டுக்குள்ள வேணாம்" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அத்தை பக்கத்தில் நின்றிருந்தாள். "எங்க அண்ணி வூட்டுக்குக் கொண்டாங்க" என்று ஆம்புலன்ஸ்காரரிடம் வழி சொன்னாள். அந்தக் கூடத்தில்தான் அம்மாவைக் கிடத்தினோம். நீ தெருமுனையில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாய். தூக்கும்போதுதான் வந்தாய். சுடுகாட்டில் என்னிடம், "கடைசி வரைக்கும் ஒரு வூடு இல்லாம பண்ணிட்ட இல்ல" என்றாய். உன் அம்மா எனக்குச் சொல்லியிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. அவளை எரித்த சாம்பல் ஆறுவதற்கு முன் அவள் மேல் உனக்கு ஒரு கோபத்தை உண்டாக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உன்னிடம் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். கல்யாணமாகித் தனி கார்டு வாங்கிவிட்டால் நீ தனிக் குடும்பம். என் பெயரில் இருப்பது உன்னைப் பாதிக்காது. ஆனால் அந்தப் பட்டா என் பெயரில் மட்டும் இல்லை, அம்மா பெயரிலும் இருக்கிறது. அம்மாவின் பங்கு சட்டப்படி உனக்கும் எனக்கும் வருகிறது. வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். உனக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று நீ சொல்வது முழு உண்மை ஆகாது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அதே கேள்வி இனி உன்னுடையது.

உன் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. உன் பங்கு வேண்டும் என்று கேட்கலாம். சட்டம் உன் பக்கம் நிற்கும். நானும் எதிர்த்து நிற்கமாட்டேன், எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. அப்படிச் செய்தால் வாரிய வீடு உனக்குக் கிடைக்காது, அத்தையும் அங்கே இருக்க முடியாது. இன்னொன்று, பட்டாவில் இருந்த தடைக் காலம் இப்போது முடிந்துவிட்டது. நானும் நீயும் சார்பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டால் அந்த வீட்டை அத்தை பெயருக்கு எழுதிவிடலாம். உன் விண்ணப்பத்துக்கும் தடை இருக்காது. என் கையெழுத்து மட்டும் போதாது. போதுமென்றால் உன்னைத் தொந்தரவு செய்யாமல் முடித்திருப்பேன். அத்தைக்கு நான் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ தெருவில் நின்று கேட்ட அந்தக் கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "அண்ணன் வூடு, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்கிறாள்.

இதை உன் பெயரை நீக்கியதற்குப் பதிலாகக் கேட்கவில்லை. நீக்கியாகிவிட்டது, சான்று இந்தக் கவரிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட வந்தாலும் வராவிட்டாலும் அது உன்னுடையது.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட்ட வழங்கல் அலுவலகத்தில் கார்டை நீட்டினேன். அதன் முகப்பில் அம்மா படம் இருக்கிறதல்லவா, குடும்பத் தலைவர் அவள்தானே. எழுத்தர் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா வரலையா?" என்றார். இறந்துவிட்டாள் என்றேன். "அப்ப மொதல்ல அவங்க பேர எடுக்கணும் பெரியவரே. தலைவரையே எடுக்காம புள்ளைய எப்படி எடுக்கறது? இவ்ளோ நாள் ஏன் வரல?" என்றார். ரேஷன் கடைக்காரர்கூட ஒரு முறை நினைவுபடுத்தியிருந்தார். செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். செய்யவில்லை. அம்மா பெயரை எடுத்தால் கார்டில் அவள் படம் போய்விடும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது. வீட்டுக்குப் போய் இறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றேன்.

"புதுத் தலைவர் யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். என் படத்தை வாங்கிக்கொண்டார். "புள்ள பேரு எடுத்துட்டா கார்டுல நீங்க ஒருத்தர்தான். சரிதானா?" சரிதான் என்றேன். "ஒத்த ஆளு கார்டுன்னா அரிசி கொறையும். அப்புறம் வூட்டுக்கு வந்து பாப்பாங்க, உண்மையிலயே தனியாத்தான் இருக்கீங்களான்னு. பொய்யா வாங்கறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. பகல்ல வெளிய போவாதீங்க" என்றார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், "அவரு மொகத்தப் பாத்தாலே தெரியல? இதுக்கு வூட்டுக்கு வேற வந்து பாக்கணுமா?" என்றாள். எழுத்தர் சிரிக்கவில்லை, முத்திரையை எடுத்தார்.

அன்றிலிருந்து பகலில் வீட்டிலேயே இருக்கிறேன். இன்னும் யாரும் வரவில்லை.

இரண்டு தாள் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி அச்சடித்தவை, ஒரே தேதி, ஒரே முத்திரை. மேலே என் பெயர், கீழே நீக்கப்பட்டவர் பெயர், அதற்குக் கீழே காரணம். ஒன்றில் திருமணம் என்றும் இன்னொன்றில் இறப்பு என்றும் போட்டிருக்கிறது. திருமணம் என்று இருப்பதை மடிக்காமல் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள், மறுபடி கேட்டால் அலைய விடுவார்கள். இன்னொன்று என்னிடம் இருக்கட்டும்.

அப்பா